மூன்றே நாளில் கரையும் ஸ்கேஃபோல்டு: தோல் காய ஆய்வாளரின் கேள்வியும் பதிலும்

கேள்வி: வணக்கம் மேடம். உயிர்ப்பொருள் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன், இது இரண்டாம் ஆண்டு. தோல் காயத்துக்கான கொலாஜன்-கைட்டோசான் ஸ்கேஃபோல்டு, அதாவது கொலாஜன் புரதமும் கைட்டோசான் பாலிமரும் கலந்து, செல்கள் குடியேறி வளரத் துளைகளோடு செய்யும் தாங்கு அமைப்பு, என் தலைப்பு. 1% அசிட்டிக் அமிலத்தில் இரண்டையும் தலா 1% கரைத்து, 24 குழித் தட்டில் குழிக்கு 1 மி.லி. ஊற்றி, மைனஸ் 80 ஃப்ரீசரில் ஓர் இரவு வைத்து, 24 மணி நேரம் ஃப்ரீஸ் ட்ரையரில் உலர்த்துகிறேன். பிறகு சங்கிலிகளை ஒன்றோடொன்று குறுக்காகப் பிணைக்க 0.25% குளூட்டரால்டிஹைடில் ஒரு மணி நேரம். பிபிஎஸ் என்ற பாஸ்பேட் உப்புக் கரைசலில் போட்டால் மூன்றாம் நாளே எடையில் பாதி போய்விடுகிறது. மிச்சம் சுருங்கிக் கொழகொழவென்று ஆகிறது. உள்தோலைக் கட்டும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் மேலேயே நிற்கின்றன, உள்ளே இறங்குவதில்லை. செல்களின் உயிர்ப்பை நிறத்தால் அளக்கும் எம்டிடி சோதனை ஒரு தடவை 140%, இன்னொரு தடவை 55% காட்டுகிறது. துளை அளவைத் தேடினால் 20 முதல் 500 மைக்ரான் வரை எல்லா எண்ணும் கிடைக்கிறது. வழிகாட்டி வெள்ளி நானோதுகள் சேர்க்கச் சொல்கிறார். ஆய்வகத் தோழி, மின்னழுத்தத்தால் நுண்நார் நூற்கும் எலக்ட்ரோஸ்பின்னிங்குக்கு மாறிவிடு என்கிறாள். எதை மாற்றுவது? எலிச் சோதனைக்கு எப்போது போகலாம்?

பதில்: வெள்ளியும் வேண்டாம், எலக்ட்ரோஸ்பின்னிங்கும் இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொல்லும் கோளாறுகளில் ஒன்றுகூட ஏதோ ஒரு பொருள் குறைவதால் வந்தது அல்ல. உறையவைக்கும் விதம், அமிலத்தை வெளியேற்றாமல் விட்டது, குறுக்குப்பிணைப்பு செய்த வரிசை ஆகிய மூன்றிலிருந்துதான் அத்தனையும் வருகின்றன. புதிதாக ஒன்றைச் சேர்த்தால் கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் இன்னும் கடினமாகும்.

அதற்கு முன் ஒரு விஷயம். எந்தக் காயத்துக்கு இது என்று உங்கள் கடிதத்தில் எங்குமே இல்லை. மேல்தோலும் உள்தோலின் மேற்பகுதியும் மட்டும் போன காயத்துக்கு ஸ்கேஃபோல்டே தேவையில்லை. மயிர்க்கால்களிலும் வியர்வைச் சுரப்பிக் குழாய்களிலும் மிஞ்சியிருக்கும் செல்களே மேல்தோலைத் திரும்ப விரித்துவிடும். ஈரம் காக்கும் நல்ல கட்டு போதும். உள்தோல் முழு ஆழத்துக்கும் போய்விட்ட இடத்தில்தான் சிக்கல். அங்கே உடல் உள்தோலைத் திரும்பக் கட்டுவதில்லை. விளிம்புகளை இழுத்துச் சுருக்கி, மிச்சத்தைத் தழும்பால் அடைக்கிறது. ஸ்கேஃபோல்டின் வேலை அந்தச் சுருக்கத்தைத் தடுத்து, ஃபைப்ரோபிளாஸ்ட்டும் இரத்தக் குழாயும் ஒழுங்காகக் குடியேற இடம் கொடுத்துவிட்டு, நேரம் வந்ததும் மறைந்துபோவது. வெட்டிச் சுத்தம் செய்த புதுத் தீக்காயத்தில் அந்த நேரம் ஒரு மாதிரி. மாதக்கணக்கில் ஆறாத சர்க்கரைநோய்ப் புண்ணில் கொலாஜனை அறுக்கும் எம்எம்பி நொதிகள் மிகுந்திருப்பதால், அதே பொருள் பல மடங்கு வேகமாகக் கரையும். இரண்டில் எதற்கு என்று முதலில் முடிவுசெய்யுங்கள். இந்தப் பதிலில் முழு ஆழப் புதுக் காயம் என்று வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

துளை அளவு பற்றிய குழப்பமும் இங்கேதான் தீர்கிறது. 500 மைக்ரான் வரை போகும் எண்களில் பல எலும்புக்கான ஸ்கேஃபோல்டுகளிலிருந்து வந்து கலந்தவை. தோலைப் பொறுத்தவரை உறுதியான அடித்தளம், செயற்கைத் தோலை உருவாக்கிய யான்னாஸ் குழுவின் கினிப்பன்றி ஆய்வுகள். கொலாஜனும் காண்ட்ராய்ட்டின் சல்ஃபேட்டும் சேர்ந்த ஸ்கேஃபோல்டில் சராசரித் துளை ஏறத்தாழ 20 முதல் 120 மைக்ரானுக்குள்ளும், சிதைவின் அரை ஆயுள் இரண்டு வாரத்தை ஒட்டியும் இருந்தபோதுதான் காயச் சுருக்கம் நன்றாகத் தடைப்பட்டது. 20-க்குக் கீழே போனால் செல் நுழைய முடியாது. மேல் எல்லை ஏன் என்பதுதான் பலரும் கவனிக்காதது. துளை பெரிதாகும்போது ஒரு கன மில்லிமீட்டருக்குள் இருக்கும் சுவர்ப் பரப்பு குறைகிறது. அந்தச் சுவரில்தான் சுருக்கத்தை உண்டாக்கும் மயோஃபைப்ரோபிளாஸ்ட்கள் தங்கள் இண்டெக்ரின்களால், அதாவது செல்லின் மேற்பரப்பில் உள்ள பற்றுப் புரதங்களால், பிடித்துக்கொள்கின்றன. பிடிமானம் போதாவிட்டால் அவை ஒன்றையொன்று பற்றிக்கொண்டு காயத்தை இழுக்கத் தொடங்கிவிடும். ஆகவே துளை என்பது செல் நுழையும் வாசல் மட்டுமல்ல, செல்லைப் பிரித்துப் பிடித்துவைக்கும் பரப்பும்கூட. உங்கள் இலக்காக 80 முதல் 120 மைக்ரானை வைத்துக்கொள்ளுங்கள். தடிமன் 1 முதல் 2 மி.மீ. போதும். 24 குழித் தட்டின் ஒரு குழி சுமார் 1.9 சதுர செ.மீ.; நீங்கள் ஊற்றும் 1 மி.லி. 5 மி.மீ.க்கு மேல் உயரம் வருகிறது. இரத்தக் குழாய் இல்லாத திசுவில் ஆக்சிஜன் 100, 200 மைக்ரான் தூரம்தான் ஊடுருவும். 5 மி.மீ. தடிமனின் நடுப்பகுதி குழாய் வந்து சேர்வதற்குள் கிருமிக்கு இடமாகிவிடும்.

இனி உறையவைத்தல். பனிப்படிகம் இருந்த இடம்தான் பிறகு துளையாகிறது. ஆகவே துளையை வடிவமைப்பது என்றால் பனியை வடிவமைப்பது. மைனஸ் 80 ஃப்ரீசருக்குள் பிளாஸ்டிக் தட்டை அப்படியே வைக்கும்போது என்ன நடக்கிறது? தட்டின் அடியில் காற்று இடைவெளி, ஓரக் குழிகளுக்கு ஒரு வேகம், நடுக் குழிகளுக்கு வேறு வேகம். ஒரே குழிக்குள்ளும் முதலில் உறையும் சுவரோரத்தில் சிறு படிகங்கள், தாமதமாக உறையும் நடுவில் பெரியவை, சில இடங்களில் ஒரே திசையில் நீண்ட கோடுகள். ஒரே தொகுப்பின் இரண்டு துண்டுகள் இரண்டு வேறு பொருள்களாக இருக்கும். உங்கள் முடிவுகள் தடவைக்குத் தடவை மாறுவதில் இதற்கும் பங்கு உண்டு.

அலமாரித் தட்டின் வெப்பநிலையை நிரல்படுத்தக்கூடிய ஃப்ரீஸ் ட்ரையர் கிடைத்தால், அறை வெப்பத்திலிருந்து நிமிடத்துக்கு 0.9 டிகிரி என்ற நிலையான வேகத்தில் குளிர்வியுங்கள். கொலாஜன்-காண்ட்ராய்ட்டின் கலவையில் இந்த வேகம் மிகச் சீரான துளைகளைத் தருவது நன்கு நிறுவப்பட்டது. அதே வேகத்தில், இறுதி வெப்பநிலை மைனஸ் 40 என்றால் சராசரித் துளை 96 மைக்ரானை ஒட்டியும், மைனஸ் 10 என்றால் 150-ஐ ஒட்டியும் வருகிறது. கைட்டோசான் சேர்ந்தால் எண்கள் நகரும், போக்கு மாறாது. அத்தகைய கருவி இல்லையா? தட்டையான மெல்லிய எஃகுத் தட்டில் 3 மி.மீ. உயரத்துக்கு ஊற்றி, பக்கவாட்டையும் மேற்புறத்தையும் தெர்மோகோலால் மூடி, அடிப்பக்கம் மட்டும் குளிரைத் தொடும்படி ஒரு தடித்த அலுமினியப் பலகைமேல் வையுங்கள். பலகையின் தடிமனையும் காப்பின் தடிமனையும் மாற்றி மாற்றி நிமிடத்துக்கு ஒரு டிகிரி அளவுக்குக் கொண்டுவரலாம். தெர்மோகப்பிள் என்ற வெப்ப உணரியைக் கலவைக்குள் வைத்துப் பதிவு செய்யாமல் இதைச் செய்யாதீர்கள். பதிவில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இறங்கி, சட்டென்று மேலே துள்ளி, சற்று நேரம் சமமாக ஓடி, பிறகு மறுபடி இறங்கும். அந்தத் துள்ளல்தான் படிகம் தொடங்கிய கணம். ஒவ்வொரு தொகுப்பிலும் அது ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில் நிகழ்ந்தால் உங்கள் முறை கைக்குள் வந்துவிட்டது என்று பொருள்.

கலவையையும் திருத்த வேண்டும். மொத்தம் 2% திடப்பொருள் மிகக் கெட்டி. சுவர்கள் தடித்துவிடும், குமிழ்கள் வெளியேறாமல் மாட்டிக்கொள்ளும். மொத்தத்தை 0.5 முதல் 1 சதவீதத்துக்குக் குறையுங்கள். அமிலமும் 1% தேவையில்லை, கொலாஜனுக்கு 0.05 மோலார் அசிட்டிக் அமிலம், அதாவது சுமார் 0.3%, போதும். கைட்டோசானைத் தனியே கரைத்து, வடிகட்டிச் சேருங்கள். கலக்கும்போது கலவை 4 டிகிரியைத் தாண்டக் கூடாது. வேகமாகச் சுழலும் பிளேடின் உரசல் வெப்பமே கொலாஜனின் மும்மடிச் சுருளை அவிழ்த்து ஜெலட்டின் ஆக்கிவிடும். ஜெலட்டின் ஆனால் 37 டிகிரியில் கரைந்து ஓடும். உங்கள் எடை இழப்பில் ஒரு பங்கு இதுவாகவும் இருக்கலாம். சரிபார்க்க எளிய வழி: எஃப்டிஐஆர் என்ற அகச்சிவப்பு நிறமாலை வரைபடத்தில் 1235-க்கும் 1450-க்கும் (அலை எண்) உரிய உட்கவர்வு விகிதம் 1-ஐ ஒட்டி இருந்தால் சுருள் நலமாக இருக்கிறது, 0.6-ஐ ஒட்டி இறங்கியிருந்தால் ஜெலட்டின். இதைச் சுத்தமான கொலாஜன் மாதிரியில் பாருங்கள், ஏனென்றால் கலவையில் கைட்டோசானின் பட்டைகள் குறுக்கிடும். ஊற்றுவதற்கு முன் வெற்றிட டெசிகேட்டரில் குமிழ் நீக்குவதை ஒருபோதும் தவிர்க்காதீர்கள். ஒரு குமிழ் என்பது ஒரு மி.மீ. ஓட்டை.

உலர்த்தும்போது நேரத்தை நம்ப வேண்டாம், அழுத்தத்தை நம்புங்கள். பனி முழுதும் போகும்முன் தட்டை வெப்பமேற்றினால் அடியில் உருகி, கண்ணாடி போன்ற ஒரு பளபளப்பான திட்டு உண்டாகும். அப்படி இருக்கும் துண்டுகளைத் தயங்காமல் ஒதுக்குங்கள். பிரானி மானி, கெப்பாசிட்டன்ஸ் மானி என்ற இரண்டு அழுத்தமானிகளும் ஒரே எண்ணுக்கு வந்து சேர்வது முதல்கட்ட உலர்தல் முடிந்ததற்கு அடையாளம். மானி ஒன்றுதான் இருக்கிறது என்றால் எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்துங்கள்.

அடுத்தது, துண்டின்மேல் தோல் போல உண்டாகும் மேற்படலம். காற்றைத் தொடும் பக்கத்தில் பாலிமர் திரண்டு மூடிய படலமாக உலர்கிறது. செல்கள் உள்ளே இறங்காததற்கு முதல் காரணமாக நான் இதைத்தான் சந்தேகிப்பேன். எஸ்இஎம் எனும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வெட்டிய பக்கத்தை மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது. மேல்முகத்தையும் அடிமுகத்தையும் தனித்தனியே படமெடுங்கள். படலம் இருந்தால், உறைந்த நிலையிலேயே கூரான பிளேடால் 0.2, 0.3 மி.மீ. சீவி எடுத்துவிட்டு உலர்த்துங்கள். காயத்தைத் தொட வேண்டியது திறந்த துளை உள்ள பக்கம். எந்தப் பக்கம் எது என்று ஒரு மூலையை வெட்டி அடையாளமிடாத ஆய்வகங்களில், தலைகீழாகப் பதித்த துண்டுகளின் தரவும் சராசரியில் கலந்துவிடுகிறது. துளை அளவையும் உலர்ந்த எஸ்இஎம் படத்தில் மட்டும் அளக்காதீர்கள். நனைத்த பிறகு சுவர்கள் சாய்ந்து துளை குறையும். ஈரநிலையில் கன்ஃபோகல் நுண்ணோக்கியில் அல்லது பிசினில் பதித்த மெல்லிய வெட்டுகளில், ஓரத்திலும் நடுவிலும், கிடையாகவும் குத்தாகவும் அளந்து நான்கு எண்களையும் கொடுங்கள்.

இப்போது உங்கள் முக்கியக் கேள்வி, மூன்று நாளில் பாதி எடை. உலர்ந்த உங்கள் துண்டில் இருப்பது கைட்டோசான் அல்ல, கைட்டோசான் அசிட்டேட் உப்பு. அது தண்ணீரில் கரையும். உறைஉலர்த்தல் அசிட்டிக் அமிலத்தை முழுதும் எடுத்துவிடாது. கைட்டோசானின் அமீன் தொகுதியோடு பிணைந்த பங்கு அப்படியே தங்கிவிடும். அந்தத் துண்டை நீர்க்கரைசலான குளூட்டரால்டிஹைடில் போட்டதும் பிணைப்பு உண்டாவதும் பொருள் கரைவதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. ஓரங்கள் கெட்டிப்படும்முன் உள்ளே பாதி வெளியேறுகிறது. ஒரு சிறு சோதனை: ஒரு துண்டை 5 மி.லி. உப்புநீரில், தாங்கல் கரைசல் எதுவும் இல்லாமல், ஒரு மணி நேரம் ஊறவைத்து பிஎச் பாருங்கள். 5-க்குக் கீழே இறங்கினால் இதுதான் காரணம். செல் சோதனையில் 55% வந்த நாளிலும் மிச்ச அமிலமும் மிச்ச ஆல்டிஹைடும் சேர்ந்துதான் வேலை செய்திருக்கும்.

ஆகவே வரிசையை இப்படி மாற்றுங்கள். உலர்ந்த துண்டை முதலில் தூய எத்தனாலில் வெற்றிடத்தில் ஊறவிடுங்கள்; காற்று வெளியேறித் துண்டு மூழ்க வேண்டும். பிறகு 90% எத்தனாலில் கரைத்த 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் அரை மணி நேரம். அதிக நேரம் விடாதீர்கள், காரம் கொலாஜனையும் தின்னும். பின் 80% எத்தனாலில் மூன்று தடவை, கழுவிய திரவம் நடுநிலைக்கு வரும்வரை. ஆல்கஹால் பொருளை வீங்கவிடாது, அமிலம் மட்டும் வெளியேறும். நேரே நீர்க் காரத்தில் போட்டால் துண்டு வளைந்து சுருங்கிவிடும்.

அமிலத்தை அகற்றிய பிறகே குறுக்குப்பிணைப்பு. குளூட்டரால்டிஹைடை விட்டுவிடுங்கள். அது தனக்குள்ளேயே பாலிமராகிச் சுவரில் தங்கி, பிறகு வாரக்கணக்கில் மெல்ல அவிழ்ந்து கசியும். கிளைசினில் எத்தனை தடவை கழுவினாலும் முழுதும் போகாது. இடிசி-என்எச்எஸ் என்ற வினைப்பொருள் ஜோடி, கார்பாக்சிலுக்கும் அமீனுக்கும் இடையே பிணைப்பை உண்டாக்கிவிட்டு நீரில் கரையும் யூரியாவாக வெளியேறுவது. தோலுக்கு அதுவே பொருத்தம். பலரும் பின்பற்றும் அளவு, கொலாஜனின் கார்பாக்சில் தொகுதி 1 மோலுக்கு இடிசி 5, என்எச்எஸ் 2. ஒரு கிராம் கொலாஜனில் சுமார் 1.2 மில்லிமோல் கார்பாக்சில் என்று கொண்டால், கிராமுக்கு இடிசி 6 மில்லிமோல், என்எச்எஸ் 2.4 மில்லிமோல். உங்கள் கலவையில் பாதிதான் கொலாஜன். ஆகவே 100 மி.கி. துண்டுகளுக்கு 50 மி.கி. கொலாஜன் கணக்கு: இடிசி ஹைட்ரோகுளோரைடு 57.5 மி.கி., என்எச்எஸ் 14 மி.கி. மொத்த எடைக்குக் கணக்கிட்டு இரு மடங்கு போட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. இதை 20 மி.லி. 80% எத்தனாலில் கரைத்து, அறை வெப்பத்தில் 4 மணி நேரம். செய்முறைக் குறிப்புகளில் எம்இஎஸ் தாங்கல் கரைசல், பிஎச் 5.5 என்று இருக்கும். சுத்தக் கொலாஜனுக்கு அது சரி. கைட்டோசான் அந்த பிஎச்-சில் கரைந்துவிடும். இன்னொன்று: அசிட்டேட் மிச்சமிருந்தால் இடிசி அதன் கார்பாக்சிலையும் தூண்டி, கைட்டோசானின் அமீன்களை அசிட்டைல் தொகுதியால் அடைத்துவிடும். நீங்கள் பிணைப்பு உண்டாக்கியதாக நினைப்பீர்கள். உண்மையில் அமீன்களை வீணாக்கியிருப்பீர்கள். இதனால்தான் கழுவுதல் முதலில். பாஸ்பேட், டிரிஸ், கிளைசின் எதுவும் இந்தக் கட்டத்தில் அருகில் வரக் கூடாது. இடிசி ஈரத்தை உறிஞ்சும். குப்பி அறை வெப்பத்துக்கு வந்த பிறகே திறந்து, எடுத்த உடனே பயன்படுத்துங்கள்.

பிணைப்பு முடிந்ததும் 0.1 மோலார் டைசோடியம் பாஸ்பேட்டில் ஒரு மணி நேரம், பிறகு காய்ச்சிவடித்த நீரில் அரை மணிக்கு ஒரு தடவை மாற்றி நான்கு முறை. இரண்டாம் தடவை உறைஉலர்த்தும்போதும் அதே குளிர்விக்கும் வேகத்தைக் கடைப்பிடியுங்கள். புதிய பனி பழைய சுவரைக் கிழிக்கும்.

பிணைப்பு கூடக்கூட நல்லது என்று நினைக்க வேண்டாம். கொலாஜனில் இண்டெக்ரின் பற்றும் இடத்தில் உள்ள குளூட்டமிக் அமிலத்தின் கார்பாக்சிலையே இடிசி செலவழிக்கிறது. 5:2:1 அளவை நூறு என்று கொண்டு, 10, 30, 100 என மூன்று தொகுப்பு செய்யுங்கள். 30-இல் செல் ஒட்டுதல் கூடி, நிலைப்பும் போதுமானதாக இருந்தால் அதையே எடுங்கள். கழுவியும் உலராத ஈரத் துண்டைச் சிமிட்டாவால் தூக்கி, ஓரத்தில் ஒரு தையல் போட்டுப் பாருங்கள். அறுவைச் சிகிச்சையாளர் கையில் கிழியும் பொருள் எவ்வளவு அழகான எஸ்இஎம் படம் கொடுத்தாலும் பயனில்லை. உலர்ந்த துண்டின் இழுவலிமை எண்ணை ஆய்வேட்டில் போடுவதே தேவையில்லாதது என்பது என் கருத்து. காயத்தில் எதுவும் உலர்ந்திருப்பதில்லை.

பிபிஎஸ்-சில் எடை இழப்பு, கழுவுதல் சரியா என்று காட்டும், சிதைவைக் காட்டாது. சிதைவுக்குக் கொலாஜனேஸ் நொதி வேண்டும். அதற்கு கால்சியம் இன்றியமையாதது. பாஸ்பேட் கரைசலில் கால்சியம் வீழ்படிவாகிவிடும். ஆகவே 5 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு சேர்த்த டிரிஸ் தாங்கல் கரைசல், பிஎச் 7.4. கைட்டோசானுக்கு லைசோசைம் நொதி தனியே. அசிட்டைல் நீக்க அளவு 90 சதவீதத்தைத் தாண்டிய கைட்டோசானை லைசோசைம் மிக மெதுவாகத்தான் அறுக்கும். கொலாஜன் போன பிறகும் அது காயத்தில் துணுக்குகளாக நிற்கும், அதைச் சுற்றி, அந்நியப் பொருளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் கூடும். இந்த நொதிச் சோதனையின் மணிக்கணக்கை உடலின் நாள்கணக்காக மாற்ற முடியாது. எந்தத் தொகுப்பு எதைவிட வேகம் என்று வரிசைப்படுத்த மட்டும் பயன்படுத்துங்கள். வரிசையில் சுத்தக் கொலாஜன் துண்டையும், விற்பனையில் உள்ள ஒரு கொலாஜன் மேட்ரிக்ஸையும் வைத்தால் எண்களுக்கு அர்த்தம் வரும்.

கைட்டோசான் எதற்கு என்றும் ஒரு தடவை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். கிருமியை எதிர்க்கும் என்பதற்காக என்றால், அந்தத் திறன் அமீன் நேர்மின்னேற்றம் பெற்றிருக்கும் அமில நிலையில்தான் வலுவாக இருக்கும். நடுநிலையாக்கி 7.4-இல் வைத்தபின் பெரும்பகுதி போய்விடும். ஈர வலிமைக்காக என்றால் திடப்பொருளில் 10 முதல் 20 சதவீதம் போதும். பாதிக்குப் பாதி தேவையில்லை.

செல் சோதனைக்கு வருவோம். உலர்ந்த துண்டின்மேல் செல் கரைசலை ஊற்றினால், உள்ளே சிக்கிய காற்று அதைத் தடுக்கும். செல்கள் மேலேயே ஒட்டிக்கொள்ளும். ஊடகத்தில் வெற்றிடத்தில் நனைத்து, ஓர் இரவு விட்டு, நுண்ணுயிர் நீக்கிய வடிதாளில் லேசாக ஒற்றியெடுத்த பிறகே விதையுங்கள். 8 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. தடிமனும் உள்ள வட்டின் கன அளவு 100 மைக்ரோலிட்டர். 2 லட்சம் செல்களை 40 மைக்ரோலிட்டரில் எடுத்து, ஒரு முகத்தில் பாதி, பத்து நிமிடம் கழித்துத் திருப்பி மறுமுகத்தில் பாதி. ஒன்றரை மணி நேரம் ஒட்டவிட்டு ஊடகம் நிரப்புங்கள். மறுநாள் வட்டைப் புதுக் குழிக்கு மாற்றாவிட்டால், தட்டின் அடியில் விழுந்த செல்களைத்தான் எண்ணிக்கொண்டிருப்பீர்கள். 1, 7, 14-ஆம் நாள்களில் குறுக்குவெட்டு எடுத்து அணுக்கருச் சாயமிட்டு, ஆழத்தை நான்காகப் பிரித்து எண்ணுங்கள். அசையாத வளர்ப்பில் நடுப்பகுதி செல்கள் ஆக்சிஜன் இன்றிச் சோர்வது இயல்பு. அதற்காகத் துளையைப் பெரிதாக்கக் கிளம்ப வேண்டாம்.

எம்டிடி உங்களுக்கு ஏற்ற சோதனை அல்ல. அதில் உண்டாகும் ஊதா ஃபார்மசான் படிகம் துளைகளுக்குள் சிக்கிக்கொள்ளும். கரைப்பான் முழுதும் இழுக்காது, ஒரு நாள் 55% வருவதற்கு அதுவும் ஒரு வழி. கைட்டோசானும் சாயத்தைப் பிடித்துவைத்துப் பின்னால் விடும், அதனால் 140 வரலாம். நீரில் கரையும் ரெசாசுரின் சாயத்துக்கு மாறி, செல் இல்லாத அதே துண்டை வெற்று மாதிரியாக ஒவ்வொரு தடவையும் வையுங்கள். செல் எண்ணிக்கைக்குப் பப்பைன் நொதியால் கரைத்து டிஎன்ஏ அளப்பது நம்பகமானது. நச்சுத்தன்மைக்கு ஐஎஸ்ஓ 10993-5 முறைப்படி சாறு எடுத்து எல்929 என்ற எலி ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களில் பாருங்கள். உயிர்ப்பு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் நச்சு. துளைப் பொருளுக்கு மி.லி.க்கு 0.1 கிராம் என்ற விகிதம். ஆனால் உங்கள் பொருள் தன் எடையைப் போலப் பல பத்து மடங்கு நீரைக் குடிக்கும், 0.1 கிராமை 1 மி.லி.யில் போட்டால் சாறு என்று எடுக்க ஒரு துளி மிஞ்சாது. முதலில் அது குடிக்கும் அளவைத் தனியே அளந்து, அந்த அளவு ஊடகத்தைக் கூடுதலாகக் கொடுத்து, அதற்குமேல் விகிதப்படி சேர்ப்பதுதான் முறை.

வெள்ளியை மறுத்ததற்குக் காரணம் சொல்லிவிடுகிறேன். கிருமியைக் கொல்லும் அளவுக்கும் மேல்தோல் செல்லான கெரட்டினோசைட்டை வாட்டும் அளவுக்கும் இடைவெளி குறுகியது. அகாரில் அழகான வளையம் காட்டும் அளவு, குளோரைடும் புரதமும் நிறைந்த காயநீரில் பாதிக்குமேல் செயலிழக்கும். அதைப் பார்த்து அளவைக் கூட்டினால் செல்கள் சாகும். தொற்று உள்ள காயத்தில் ஸ்கேஃபோல்டு வைப்பதே தவறு. முதலில் இறந்த திசுவை வெட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். வழிகாட்டி விடாப்பிடியாக இருந்தால், வெள்ளியை உள்தோல் அடுக்கில் கலக்காமல், பிறகு உரித்தெடுக்கும் வெளிப்படலத்தில் மட்டும் வைக்கலாம் என்று சொல்லிப் பாருங்கள். அந்த வெளிப்படலம் எப்படியும் தேவை. திறந்த காயம் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளில் 5000 கிராமை ஒட்டி நீராவி இழக்கும், நலமான தோல் 200 கிராம்தான். படலத்துக்கு 2000 முதல் 2500 என்பது ஏற்கப்பட்ட நடுவழி. குறைந்தால் அடியில் நீர் கோத்து ஸ்கேஃபோல்டு மிதக்கும், கூடினால் காய்ந்து விறைக்கும். உங்கள் தோழியின் எலக்ட்ரோஸ்பின்னிங்கும் இந்த அடுக்குக்குத்தான் பொருத்தம். நார்களுக்கிடையே சில மைக்ரான் இடைவெளிதான் இருப்பதால் செல்லுக்கு அது சுவர், கிருமிக்கும் ஓரளவு தடை. கொலாஜனை எச்எஃப்ஐபி கரைப்பானில் சுழற்றினால் சுருள் அவிழ்ந்து, விலை கொடுத்து ஜெலட்டின் வாங்கிய கதையாகும்.

நுண்ணுயிர் நீக்கத்தைக் கடைசியில் யோசிக்காதீர்கள். ஆட்டோகிளேவ் கொலாஜனைச் சமைத்துவிடும். 70% ஆல்கஹால் ஸ்போர்களைக் கொல்லாது, ஆய்வகச் செல் சோதனைக்கு மட்டும் போதும். 25 கிலோகிரே காமா கதிர் சங்கிலிகளை அறுக்கும். ஆகவே சிதைவு, வலிமை இரண்டையும் கதிர் பட்ட பிறகு மறுபடி அளக்க வேண்டும். பாக்டீரியாச் சுவரிலிருந்து வரும் நச்சான எண்டோடாக்சினும் பாருங்கள். அதிகமாக இருந்தால் எலியில் காணும் அழற்சி முழுதும் அதனுடையதாக இருக்கும், நீங்கள் உங்கள் வடிவமைப்பைக் குறைசொல்வீர்கள். ஒரு சாதனத்துக்கு 20 அலகு என்பது வழக்கமான வரம்பு. கைட்டோசான் எண்டோடாக்சினைப் பிடித்துவைத்து, அதை அளக்கும் எல்ஏஎல் சோதனையை ஏமாற்றும். தெரிந்த அளவு சேர்த்து, 50 முதல் 200 சதவீதத்துக்குள் திரும்பக் கிடைக்கிறதா என்று பார்த்த பிறகே முடிவை நம்புங்கள்.

எலிக்கு எப்போது? தனித்தனியாகச் செய்த மூன்று தொகுப்புகளில் ஈரத் துளை அளவு, கொலாஜனேஸ் சிதைவு, சாற்றின் உயிர்ப்பு மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துவந்த பிறகு நெறிமுறைக் குழுவிடம் போங்கள். எலித் தோலுக்கு அடியில் உள்ள மெல்லிய தசைப்படலம் காயத்தை இழுத்தே மூடிவிடும். சும்மா விட்டால் வெற்றுக் காயமும் இரண்டு வாரத்தில் மூடும், உங்கள் பொருளுக்கு வேலையே இருக்காது. காயத்தைச் சுற்றிச் சிலிகோன் வளையம் ஒட்டித் தைத்துச் சுருக்கத்தைத் தடுக்கும் மாதிரியைப் பயன்படுத்துங்கள். வளையம் கழன்ற காயத்தைக் கணக்கிலிருந்து நீக்கும் விதியைத் தொடங்கும்முன்பே எழுதிவையுங்கள். மூடிய பரப்பு சதவீதத்தை மட்டும் கொடுத்தால் எதுவும் நிறுவப்படாது. குறுக்குவெட்டில் மேல்தோல் நுனிகளுக்கிடையே உள்ள தூரம், புதுத் திசுவின் தடிமன், சிடி31 சாயத்தில் குழாய் எண்ணிக்கை, ஆல்ஃபா-எஸ்எம்ஏ சாயத்தில் மயோஃபைப்ரோபிளாஸ்ட், மிஞ்சிய ஸ்கேஃபோல்டின் பங்கு ஆகியவற்றை 7, 14, 28-ஆம் நாள்களில் எடுங்கள். ஒப்பீட்டுக்கு வெறும் ஈரக் கட்டு ஒரு குழு, விற்பனை மேட்ரிக்ஸ் ஒரு குழு. பன்றித் தோல் மனிதத் தோலுக்கு நெருக்கமானது என்றாலும் அது முனைவர் பட்டக் காலத்துக்குள் அடங்கும் வேலை இல்லை. பர்க்கும் யான்னாஸும் பெரும் தீக்காயம் பட்ட பத்து நோயாளிகளில் தங்கள் செயற்கைத் தோலின் முடிவை வெளியிட்டது 1981-இல். அமெரிக்க எஃப்டிஏ அனுமதி வந்தது 1996-இல்.

அடுத்த தொகுப்பில் ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள்: குளூட்டரால்டிஹைடுக்கு முன் ஆல்கஹால்-கார நடுநிலையாக்கம். மற்றதெல்லாம் பழையபடியே. எடை இழப்பு எவ்வளவு குறைகிறது என்று அளந்த பிறகு இடிசிக்கு மாறுங்கள், அதன் பிறகு உறையவைக்கும் முறை. கொலாஜனின் தொகுப்பு எண், கைட்டோசானின் அசிட்டைல் நீக்க அளவு, தெர்மோகப்பிள் பதிவு மூன்றையும் ஒவ்வொரு தட்டோடும் சேர்த்துக் கோப்பில் வையுங்கள்.